குளச்சலில் தோற்ற வலிய கப்பித்தான்

'உன் வெற்றிக்கு நீயே பொறுப்பு' என்கிற வாசகத்திடமிருந்து தப்பிக்கவே முடியறதில்லை. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் இருக்கு. ஆபீஸில் பயிற்சி வகுப்பு என்று உட்கார வைத்தால் முதல் ஸ்லைடே அதுதான். காலையில் வாட்ஸப்பைத் திறந்தால் சூரிய உதயப் படத்தின் மேல் அதை எழுதி, தூரத்துச் சித்தப்பா ஒருத்தர் அனுப்பியிருப்பார்.

எனக்கு இந்த மாதிரி புத்தகங்கள் மேல் பகையெல்லாம் கிடையாது. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படிச்சு, நோட்டுப் புத்தகத்தில் லட்சியம் எழுதி வெச்ச தலைமுறைதான் நானும் :-) அந்தப் புத்தகம் எத்தனையோ கிராமத்துப் பையன்களை நிமிர்ந்து உட்கார வெச்சிருக்கு. அதை மறுக்கவே முடியாது.

ஆனா சில வருஷம் முன்னாடி நடந்த ஒரு சின்ன விஷயம். அக்கா மகன் ஒருத்தன் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. சம்பளம் பாக்கி. கடன் வாங்கிப் போனவன் கடனோடயே வந்து இறங்கினான். யாரோ சொன்னாங்கன்னு ஒரு சுயமுன்னேற்ற வகுப்புக்குப் போயிருக்கான். அங்க ஒருத்தர், 'உங்க வாழ்க்கையில் நடக்கிற அத்தனைக்கும் நீங்கதான் காரணம்'னு போர்டில் எழுதிப் போட்டிருக்கார். வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டான்: "அப்போ கம்பெனி பூட்டினதும் எனக்க தப்புதானா மாமா?"

கேள்வி கொஞ்சம் கிண்டலாத்தான் வந்தது. ஆனா முகத்தில் கிண்டல் இல்லை. அவனுக்கு நான் சொன்னது நம்ம ஊர்க் கதை ஒன்று. குளச்சலில் தோற்றுப்போன ஒரு வெள்ளைக்காரன் கதை. அதைக் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன்.

*

குளச்சல் தெரியாதவங்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கிற பழைய துறைமுகம். இப்போ மீன்பிடித் துறைமுகம். கடற்கரைக்குப் பக்கத்தில், உச்சியில் சங்கு வெச்ச ஒரு கல்தூண் நிற்கும். திருவிதாங்கூர் ராஜா டச்சுக்காரனை ஜெயிச்சதுக்கான வெற்றித்தூண்.

1741ல் நடந்த போர் அது. அன்னைக்கு இந்தப் பகுதியெல்லாம் திருவிதாங்கூர். நாம தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1ல்தானே. ராஜா மார்த்தாண்ட வர்மா. 1729ல் பட்டத்துக்கு வந்தவர். வந்ததிலிருந்து அக்கம்பக்கத்துச் சின்ன ராஜ்ஜியங்களை ஒண்ணொண்ணா விழுங்கிக்கிட்டிருந்தார். டச்சுக்காரர்களுக்கு இதில் என்ன பிரச்சினை? மிளகு. 1663ல் போர்த்துகீசியர்களிடமிருந்து கொச்சியைப் பிடித்ததிலிருந்து, மலையாளக் கரையின் சின்னச் சின்ன ராஜாக்களோட தனித்தனியா ஒப்பந்தம் போட்டு மிளகு எடுத்துக்கிட்டிருந்தாங்க. பத்து சின்ன ராஜா இருந்தா பேரம் பேசலாம். ஒரே பெரிய ராஜா வந்துட்டா அவன் சொல்றதுதான் விலை.

இலங்கையில் கவர்னரா இருந்த வான் இம்ஹாஃப் 1739ல் வந்து மார்த்தாண்ட வர்மாவைப் பார்த்து மிரட்டினார். படையெடுப்போம் என்றார். 'நீங்க வந்தா, நாங்களும் எங்க மீன்பிடி வள்ளங்களை எடுத்துக்கிட்டு ஐரோப்பாவுக்குப் படையெடுத்து வர யோசிக்க வேண்டியிருக்கும்' என்கிற மாதிரி ராஜா பதில் சொன்னதா திருவிதாங்கூர் சரித்திரத்தில் சொல்றாங்க. நடந்ததோ இல்லையோ, நம்ம ஊர் நக்கல் அதில் நல்லாவே இருக்கு.

1741ல் இலங்கையிலிருந்து கப்பலில் டச்சுப் படை குளச்சலில் வந்து இறங்கியது. சுத்துவட்டாரத்தைச் சூறையாடினாங்க. குளச்சலிலிருந்து அன்றைய தலைநகர் பத்மநாபபுரம் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்தான். வடக்கே போரில் இருந்த ராஜா அவசரமா தெற்கே திரும்பினார். ராமய்யன் தளவாயும் கூட. டச்சுக்காரர்கள் குளச்சலில் போட்டிருந்த கோட்டையைச் சுத்தி வளைச்சாச்சு. மாசம் ஆகஸ்ட், ஆடி மாசக் கடல். இந்தக் கரையில் பிறந்தவனுக்குத் தெரியும், ஆடியில் கடல் எப்படி இருக்கும்னு. உதவிக்குக் கப்பல் வந்து ஆள் இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இதுக்கு நடுவில் கோட்டைக்குள் வெடிமருந்து தீப்பிடிச்சு, இருந்த அரிசியும் எரிஞ்சு போச்சு. சோறு இல்லாமல் எத்தனை நாள் சண்டை போட முடியும்? சரணடைஞ்சாங்க.

ஊரில் இன்னொரு கதையும் உண்டு. கரையில் பனைமரத் தடிகளை வண்டியில் வெச்சு பீரங்கி மாதிரி காட்டினாங்களாம். முக்குவர்கள் தோளில் துடுப்பைச் சாய்ச்சு வரிசையா நின்னு, தூரத்துக் கப்பலுக்குத் துப்பாக்கி ஏந்திய பட்டாளம் மாதிரி தெரிஞ்சாங்களாம். ஏட்டில் இருக்கோ இல்லையோ, குளச்சல்காரங்க வாயில் அது இருக்கு. இந்தத் துடுப்புக்காரங்களைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னால தேவைப்படும்.

*

பிடிபட்ட ஐரோப்பியர்களில் ஒருத்தர் பேர் யூஸ்டேசியஸ் பெனடிக்டஸ் டி லனாய். நம்ம மக்கள் வாயில் அது 'தில்லானை' ஆகிப்போச்சு. 1715 டிசம்பரில் பிறந்தவர். அப்போ குளச்சலில் பிடிபடும்போது வயசு 25. 'டச்சுக் கடற்படைத் தளபதி டிலனாய்' என்று சில இடங்களில் எழுதறாங்க. 25 வயசில் அட்மிரல் ஆகிறதெல்லாம் அந்தக் கம்பெனியில் நடக்கிற காரியமா? அவர் பெரிய மனுஷன் ஆனதே பிடிபட்டதுக்கு அப்புறம்தான்.

பிறந்த ஊர் அராஸ். இன்னைக்கு வட பிரான்ஸில் இருக்கு. ஆள் கத்தோலிக்கர். சேர்ந்ததோ புராட்டஸ்டண்டுகள் நடத்தின டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில். இதில் ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. 1602ல் ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி தன்னோட கப்பல்களுக்கும் கோட்டைகளுக்கும் ஐரோப்பா முழுக்க ஆள் எடுத்தது. ஜெர்மானியன், பிரெஞ்சுக்காரன், ஸ்காண்டிநேவியன், யார் வந்தாலும் சரி. ஏறக்குறைய ரெண்டு நூற்றாண்டில் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை ஆசியாவுக்கு ஏற்றி அனுப்பியிருக்காங்க. அதில் பாதிக்கு மேல் திரும்பிப் போகவேயில்லை. பெரும்பாலும் காய்ச்சல், கழிச்சல், கடல்.

ஆள் பிடிச்சுக் கொடுக்கிற தரகர்களும் இருந்தாங்க. கையில் காசில்லாமல் ஆம்ஸ்டர்டாமில் வந்து நிக்கிற பையனுக்குச் சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்து, கடனை ஏத்தி, கடைசியில் கம்பெனிக் கப்பலில் தள்ளி விடுவாங்க. கடன் அவன் சம்பளத்திலிருந்து கழியும். அந்தத் தரகர்களுக்கு டச்சு மொழியில் 'ஆத்மாவை விற்கிறவன்' என்றே பேர். இதைப் படிச்சப்போ எனக்கு விசா ஏஜெண்டு ஞாபகம்தான் வந்தது. நம்ம கடற்கரையில் எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கு!

டிலனாய் எப்படிச் சேர்ந்தார் என்கிற விவரத்துக்குள்ள நான் போகலை. அவர் ஏறி வந்த பாதை எப்படிப்பட்டது என்பதுக்குத்தான் இவ்வளவும். ஆக 1741 ஆகஸ்டில் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்நிய நாடு. கைதி. கம்பெனி தோத்தாச்சு. இனி மீட்க வருமா, வந்தாலும் எப்போ வரும், எதுவும் நிச்சயமில்லை.

*

மார்த்தாண்ட வர்மா கைதிகளைக் கொன்னு போடலை. உதயகிரிக் கோட்டையில் வெச்சார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கே, அதுதான். கைதிகளில் டிலனாயும் டொனாடி என்கிற இன்னொருத்தரும் ராஜா கண்ணில் பட்டாங்க. 'உங்க பாணியில் எங்க ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?' என்பதுதான் விஷயம். முதலில் கொடுத்தது சின்ன வேலை. ராஜாவின் மெய்க்காவல் படையில் சில பிரிவுகளுக்குப் பயிற்சி. அது நல்லா வந்தது. அடுத்து பெரிய வேலை. அதுவும் நல்லா வந்தது. இப்படியே போய், திருவிதாங்கூர் படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆனார். பெரிய கேப்டன்.

என்ன கத்துக் கொடுத்தார்? நாயர் படையில் வீரத்துக்குக் குறைச்சல் இல்லை. களரி படிச்ச ஆட்கள். ஆனா தனித்தனி வீரன் வேற, அணி வேற. நூறு பேர் ஒரே வரிசையில் நின்னு, ஒரே சொல்லுக்குச் சுட்டு, முன்வரிசை மருந்து கெட்டிக்கும்போது பின்வரிசை சுடுவது என்பது ஒரு தொழில்நுட்பம். அது தினசரி கவாத்தில்தான் வரும். துப்பாக்கி, பீரங்கி, வெடிமருந்து, அதைப் பத்திரமா சேர்த்து வைக்கிற முறை, கோட்டை கட்டுகிற கணக்கு, எல்லாம் அதோட சேர்ந்தது. குளச்சலில் வெடிமருந்து எரிஞ்சு சரணடைஞ்ச ஆளுக்கு, மருந்தை எங்க வைக்கணும் எங்க வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது :-)

உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினதே அவர் மேற்பார்வையில்தான். உள்ளேயே பீரங்கி வார்க்கிற உலைக்கூடம் வந்தது. கைதியா வைக்கப்பட்ட கோட்டை நாளடைவில் அவர் பேரிலேயே 'தில்லானைக் கோட்டை' ஆச்சு. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிக்கிற வட்டக்கோட்டையும் அவர் கை பட்டதுதான். அந்தப் படையை வெச்சுத்தான் மார்த்தாண்ட வர்மா 1746ல் காயங்குளத்தையும், அப்புறம் அம்பலப்புழை, தெக்குங்கூர், வடக்குங்கூர் என்று வடக்கே கொச்சி எல்லை வரையும் போனார். 1753ல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களே திருவிதாங்கூரோட சமாதான உடன்படிக்கை போட்டாங்க. டிலனாயை அனுப்பின கம்பெனி, டிலனாய் பயிற்சி கொடுத்த படையின் முன்னால் கையெழுத்துப் போட்டது. இதுக்கு மேல என்ன வேணும்?

1758ல் மார்த்தாண்ட வர்மா இறந்தார். அடுத்து வந்த தர்மராஜாவிடமும் டிலனாய் அதே பதவியில் தொடர்ந்தார். வடக்கே மைசூரிலிருந்து ஆபத்து வரும்னு தெரிஞ்சு, கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரை நெடுங்கோட்டை கட்டின வேலையில் அவர் பங்கு பெரிசு. 1777 ஜூன் 1ல் உதயகிரியிலேயே இறந்தார். அதுக்குப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினப்போ முதல் தாக்குதலை அது தாங்கியது. திப்பு அதை உடைச்சு உள்ளே வந்தது 1790 ஏப்ரலில்தான்.

36 வருஷம் ஒரே இடத்தில் வேலை. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கோம்?

*

சுயமுன்னேற்ற வகுப்பு எடுக்கிறவர் கையில் இந்தக் கதை கிடைச்சா எப்படிச் சொல்வார்னு யோசிச்சுப் பாருங்க. 'கைதியாக இருந்தவன் தளபதியானான்! சூழ்நிலையைக் குறை சொன்னானா? இல்லை! நீங்கள் ஏன் ஆகக் கூடாது?' கைதட்டல். டீ பிரேக்.

அது பொய்யில்லை. டிலனாய் புலம்பிக்கிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். சின்ன வேலையை ஏனோதானோன்னு செஞ்சிருக்கலாம். செய்யலை. தனக்குத் தெரிஞ்ச தொழிலை, தன்னைப் பிடிச்சுவெச்ச ஊரில், முறையா செஞ்சு காட்டினார். தெரிஞ்சதை ஒளிச்சு வைக்காமல் மத்தவனுக்குக் கத்துக் கொடுத்தார். நான் அவரிடம் எடுத்துக்கிட்டது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். தொழில் ரகசியம்னு மூடி வெச்சிருந்தா அவர் ஒரு நல்ல கைதியா மட்டும் இருந்திருப்பார்.

ஆனா முழுக்கதையில் இன்னும் ரெண்டு மூணு ஆட்கள் இருக்காங்க.

முதல் ஆள் ராஜா. மார்த்தாண்ட வர்மாவுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டதே அந்தத் தொழில்தான். அவர் பழைய மாதிரி ராஜாவா இருந்து, பிடிபட்டவன் தலையை வெட்டியிருந்தா டிலனாயின் திறமை என்ன ஆகியிருக்கும்? எதிரிப் படையில் இருந்தவனை நம்பி, தன் மெய்க்காவலர்களையே பயிற்சிக்கு விட்ட துணிச்சல் ராஜாவோடது. அவர் சாப்பாட்டுக்கும் மதத்துக்கும் இடைஞ்சல் வராமல் பார்த்துக்கிட்டதும் ராஜாதான். கோட்டைக்குள்ளேயே தேவாலயம் இருந்தது. வேலைக்கு எடுக்கிறவன் நல்லவனா, புத்திசாலியா இருக்கணும் என்கிற விஷயத்தைச் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சௌகரியமா மறந்துடும்.

ரெண்டாவது ஆள் கொஞ்சம் கனமான விஷயம்.

நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரத்தில் அரண்மனை உத்தியோகஸ்தர். டிலனாயைப் போல அந்நியர் இல்லை. மண்ணின் மைந்தர், நல்ல குடும்பம், நல்ல பதவி. இன்னைக்குப் பாஷையில் சொன்னா கேரியர் அமைஞ்ச ஆள். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனசொடிஞ்சு இருந்த சமயத்தில் டிலனாயின் நட்பு கிடைச்சதாகவும், பைபிளில் வரும் யோபுவின் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னதாகவும் திருச்சபை வரலாறு சொல்லுது. எல்லாத்தையும் இழந்தும் நம்பிக்கையை விடாத ஆளின் கதை அது. 1745 மே மாசம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, தேவசகாயம் ஆனார்.

1749ல் கைது. சித்திரவதை. எருமை மேல் உட்கார வெச்சு ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போனதாச் சொல்றாங்க. 1752 ஜனவரி 14ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது சபை வரலாறு. தண்டனைக்குக் காரணம் மதமாற்றம்தானா, வேற குற்றச்சாட்டா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் வாதம் இன்னும் இருக்கு. 2022 மே 15ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் நண்பர்கள். ஒரே ராஜா. ஒரே பத்து வருஷம். தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்புன்னு முடிவெடுத்தவங்கதான் ரெண்டு பேரும். ஒருத்தர் எடுத்த முடிவு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது, பதவி உயர்ந்தது. இன்னொருத்தர் எடுத்த முடிவு அரசாங்கத்துக்குப் பிடிக்கலை, உயிர் போச்சு. இதில் யார் 'வெற்றி பெற்ற மனிதர்'? டிலனாய் வேலையில் இருந்த படையின் ராஜாவேதான் அவர் நண்பரைத் தண்டிச்ச ராஜா. அந்த ராஜ்ஜியத்தில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த வாத்தியாரும் அவர்தான். அந்த 1752 ஜனவரியில் உதயகிரிக் கோட்டையில் அவர் எப்படித் தூங்கியிருப்பார்னு நான் சில தடவை நினைச்சிருக்கேன். மறுநாளும் கவாத்துக்குப் போயிருப்பார். வேற என்ன செய்திருக்க முடியும் என்கிற கேள்விக்கு எனக்குப் பதில் கிடையாது. வேலையில் முன்னேறுவதுக்கு நாம பொறுப்புன்னா, அந்த வேலை யாருக்காக, எதுக்காக என்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதானே?

*

இப்போ துடுப்புக்காரங்க கிட்ட வருவோம்.

குளச்சலில் ஜெயிச்சதில் அவங்களுக்கும் பங்கு உண்டுன்னு ஊரே சொல்லுது. ஜெயிச்ச பிறகு அவங்க வாழ்க்கை என்ன ஆச்சு? பெரிசா ஒண்ணும் ஆகலை. டிலனாய் கப்பித்தான் ஆனார். அவங்க வள்ளத்தில்தான் இருந்தாங்க. உழைக்கலையா? இந்தக் கரையில் ராத்திரி ரெண்டு மணிக்கு மரம் தள்ளினவனை விட யார் உழைச்சிருக்க முடியும்?

இதைத் தேடிப் படிக்கும்போது ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. சுயமுன்னேற்றப் புத்தகங்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒரு இங்கிலீஷ் புத்தகம். சாமுவேல் ஸ்மைல்ஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் எழுதினது. பேரே 'செல்ஃப் ஹெல்ப்'. ஏழையாப் பிறந்து உழைப்பால் உயர்ந்தவங்க கதைகள். வெளிவந்த வருஷம் 1859.

அதே 1859ல், ஜூலை மாசம், நம்ம திருவிதாங்கூரில் ராஜா உத்தரம் திருநாள் ஒரு பிரகடனம் வெளியிட்டார். சாணார் பெண்கள் மேலாடை போட்டுக்கலாம், தடையில்லை என்று. அதுவும் எப்படி? கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம், இல்லைன்னா முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுத்திக் கட்டிக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கட்டக் கூடாது. அந்தப் பிரகடனத்துக்குள் குளச்சல் கரைப் பெண்களின் துணிகூட அளவுகோலா வந்து நிக்குது. தோளில் துணி போடுறதுக்கே கலவரம் நடந்து, வீடுகள் எரிஞ்சு, கடைசியில் ராஜாவின் உத்தரவு தேவைப்பட்ட ஊரில், 'உன் உயர்வு உன் கையில்' என்கிற வாசகத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அதுக்காக அந்தப் பெண்கள் உத்தரவு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கலை. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்கிற மிஷனரி அம்மா பள்ளிக்கூடம் நடத்தினதோட லேஸ் பின்னவும் கத்துக் கொடுத்தாங்க. அந்தப் பின்னல் வேலையில் வந்த காசை வெச்சு, அடிமையா இருந்த சில பெண்கள் தங்களையே விலைக்கு மீட்டுக்கிட்டாங்க. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1855ல்தான். அதுக்கு முன்னாடியே ஊசியும் நூலும் வெச்சு ஒரு பொண்ணு தன் விடுதலையைச் சம்பாதிச்சிருக்கான்னா, சுயமுன்னேற்றம்னா அதுதான். ஆனா கத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டியிருந்தது. வாங்க ஒரு சந்தை வேண்டியிருந்தது. அப்புறம் சட்டமும் வேண்டியிருந்தது. மூணும் கொஞ்சம் கொஞ்சமா வந்தபோது, குமரி மாவட்டம் படிச்ச மாவட்டம் ஆச்சு. கதவு ஒரு விரக்கடை திறந்தா போதும்னு நின்னுக்கிட்டிருந்தவங்க அவங்க.

டிலனாய் கதையும் மார்த்தாவிடம் பின்னல் கத்துக்கிட்டவங்க கதையும் ஒரு இடத்தில் ஒண்ணுதான். கதவைத் திறந்தது வேற ஆள். உள்ளே போய்த் தொழிலைப் பிடிச்சுக்கிட்டது அவங்க.

*

அக்கா மகனுக்கு நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். "கம்பெனி பூட்டினது உனக்க தப்பு இல்லே மக்கா. ஆடி மாசம் கடல் பொங்கினதுக்கு வள்ளக்காரன் காரணமா? ஆனா வலை கிழிஞ்சு கிடக்கு பாரு, அதை நீதான் தைக்கணும்."

குளச்சலில் நின்னுக்கிட்டு 'எல்லாம் உன் கையில்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையில் என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் குடும்பம் குடும்பமாப் போனாங்க. அவங்க தன்னம்பிக்கை குறைஞ்சதாலயா போனாங்க? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ கடலில் இருந்தவங்களுக்குச் சரியான எச்சரிக்கை போய்ச் சேரலைன்னு கரையே சாலையில் வந்து உட்கார்ந்தது. அதுக்குப் பேர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறதா? அது பொறுப்பு யாருடையதோ அவங்களைக் கேக்கிறது.

அதே கரையில்தான் சுனாமிக்கு அப்புறம் வலை பிரிச்சு, வள்ளம் பழுது பார்த்து, திரும்பக் கடலுக்குப் போனாங்க. இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சுக்கத் தெரிஞ்சவங்க கடற்கரைக்காரங்க. கடல் என் கையில் இல்லை. துடுப்பு என் கையில் இருக்கு. நான் படிச்ச எந்தச் சுயமுன்னேற்றப் புத்தகமும் இவ்வளவு சரியா கோடு போட்டதில்லை. 'எல்லாம் உன் தப்பு' என்று சொல்றவன் கடலையும் உன் தலையில் ஏத்துறான். 'எதுவுமே உன் கையில் இல்லை' என்று சொல்றவன் துடுப்பையும் பிடுங்கிக்கிறான். ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்.

பையன் இப்போ ஏ.சி. மெக்கானிக் வேலை பழகி, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் இருக்கான். கடன் இன்னும் முழுசா அடையலை. பழைய சம்பளத்தைக் கேட்டு அனுப்பின மனுவுக்குப் பதிலும் வரலை. ரெண்டையும் விடலை அவன்.

*

கடைசியா ஒண்ணு. பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு ஓவியம் இருக்கு. மார்த்தாண்ட வர்மா முன்னால் டிலனாய் சரணடைகிற காட்சி. பார்க்கிற எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறாங்க (இப்போ அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுக்குங்க). ஒரு மனுஷன் 36 வருஷம் செஞ்ச வேலையெல்லாம் போக, தோத்த அந்த ஒரு நாள்தான் படமா நிக்குது. உலகம் அப்படித்தான் ஞாபகம் வெச்சுக்கும் போல.

கொஞ்ச தூரத்தில் உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கு. பக்கத்திலேயே மனைவி மார்கரீத்தாவும் மகன் யோகன்னஸும். அந்த மகன் 1765ல், 19 வயசில், களக்காட்டுப் போரில் செத்துப் போனான். அப்பா பயிற்சி கொடுத்த அதே திருவிதாங்கூர் படையில் இருந்து. அப்பாவின் கல்லறைக் கல்லில் ரெண்டு மொழியில் எழுதியிருக்கு, லத்தீனும் தமிழும். அராஸில் பிறந்தவன் கல்லில் தமிழ் எழுத்து. அந்தத் தமிழைத் தடவிப் பார்க்கிறதுக்காகவாவது ஒரு தடவை போயிட்டு வாங்க.

டிஸ்கி: நாகர்கோவிலிலிருந்து தக்கலை போற பஸ்ஸில் ஏறி புலியூர்க்குறிச்சியில் இறங்கணும். கோட்டை ரோட்டை ஒட்டியே இருக்கு. உள்ளே வனத்துறையின் பூங்காவும் இருக்கு, குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். மதிய வெயிலில் போகாதீங்க. அப்படியே குளச்சல் போய்த் தூணையும் பார்த்துட்டு, சாயங்காலம் கடற்கரையில் மீன் ஏலம் நடந்தா வேடிக்கை பாருங்க. வலிய கப்பித்தானைப் பத்தி அங்க யாரையாவது கேட்டா, இதை விட நல்ல கதை கிடைக்கும் :-)